இடக்கை மன்னன்

பிப்ரவரி 3

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் அத்தானும் நானும் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, இனி எல்லாம் புகார்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ இரண்டு நிமிஷத்தில் "லைன் சரியில்லக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை வைக்க முடியாது பார்.

ஓட்டலில் கொடுத்த துண்டு ஈரமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் யார் முதுகைத் துடைத்ததோ தெரியவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் குளியலறை மூலையில் வீசினேன். "எதையும் மோந்து பாக்காதன்னா கேக்கறியா? ரிட்டயர் ஆயாச்சு, லேபை விட்டு வெளிய வா" என்றார் உன் அத்தான். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் மலத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தவள் நான். எனக்கு லேசில் குமட்டாது. இங்கே வந்த நாலு நாளில் மூன்று தடவை குமட்டிவிட்டது.

முதலில் ஆறு. படகில் உட்கார்ந்ததும் உன் அத்தான் இந்த ஊர்களைப் பற்றி நீ எழுதின பயணப் புத்தகத்தைப் பிரித்துப் பன்னிரண்டாம் பக்கத்தை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "விடியலில் இந்நதிக்கரையில் நின்றால், ஈரமண்ணும் தாமரையும் கலந்த ஒரு வாசனை உங்களைத் தேடி வரும்." வந்தது. தேடியெல்லாம் வரவில்லை, நேராக முகத்தில் அறைந்தது. ஊர்ச் சாக்கடை முழுக்க அந்த ஆற்றில்தான் விழுகிறது. பச்சைப் பாசி, சோப்பு நுரை, பிளாஸ்டிக் பை, நடுவில் வயிறு ஊதிப்போன ஒரு நாய். படகுக்காரன் அதைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு அதே கையால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எங்களுக்கு நீட்டினான். எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர் வாங்கித் தின்றார். பல்லுக்குக் கீழே போவது தன் துறை இல்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாவது, அரண்மனைச் சுவர். ஆயிரம் வருஷத்து ராணி சிலைகள் வரிசையாக நிற்கின்றன. உடம்பெல்லாம் தூசி, மார்பு மட்டும் எண்ணெய் தடவினதுபோல் கறுத்துப் பளபளக்கிறது. போகிற வருகிற ஆண்கள் கை வைத்து வைத்து வந்த பளபளப்பு. என் கண்ணெதிரே ஒரு கிழவர், பேரன் பேத்தியோடு வந்தவர், சிரித்துக்கொண்டே தடவிவிட்டுப் போட்டோவுக்கு நின்றார். கல்லாகப் போயும் அந்தப் பெண்களுக்கு விடிவில்லை.

மூன்றாவது, பழங்காலச் சிலை என்று ஒருவன் என் கையில் திணித்த பொம்மை. விரலெல்லாம் கறுப்பு ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன், செருப்புப் பாலிஷ்.

ஒரு சந்தேகம். இருபதாம் பக்கத்தில் இடக்கை மன்னன் என்று இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியிருக்கிறாயே, "உலகமே வலக்கையால் ஆளப்பட்ட காலத்தில் இடக்கையால் வாளேந்திய தனிமை" என்று. இங்கே சுவரில் இருக்கிற ராஜா வாளை வலது கையில்தான் பிடித்திருக்கிறார். எங்களுக்கு வழிகாட்டியாக வரும் பெண்ணைக் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் புத்தகத்தோடு வந்து இடக்கை ராஜா எங்கே என்று கேட்கிறார்களாம். அப்படி யாருமே கிடையாதாம். வேறு சுவரில் பார்த்திருப்பாயோ?

இன்னொன்று. நீ அப்போது இந்த ஊரில்தானே இருந்தாய் என்ற நினைப்பு வந்ததும் பழசெல்லாம் கிளம்பிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் உன் ஓட்டல் விலாசப் பட்டியல் என் கைப்பையில்தான் இருந்தது. டாக்டர் எல்லாரையும் கூப்பிடச் சொல்லிவிட்டார். நம் வீட்டில் முதல் முதலாக ஒருத்தன் வெளிநாடு போயிருக்கிறான், பாதியில் ஓடிவர வைக்க வேண்டாம், அம்மா தேறிவிடுவாள் என்று நானாக முடிவு பண்ணித் தந்தி கொடுக்காமல் இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னதுதான், இங்கிருந்தும் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்.

பதினைந்தாம் தேதியிலிருந்து கோயில் ஊரில் இருப்போம். விலாசம் பின்பக்கத்தில்.

மூக்கைப் பிடித்தபடி,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் வருத்தமும் பட்டேன். ஆயிரம் ஆண்டு வரலாற்றின் முன்னால் நின்றுகொண்டு ஓட்டல் துண்டை முகர உன்னால்தான் முடியும். பயணம் என்பது கண்ணைத் திறந்து வைப்பது மட்டுமல்ல அக்கா, சிலவற்றுக்குக் கண்ணை மூடிக்கொள்வதும்தான்.

நதியைப் பற்றி நீ எழுதியதை நம்புகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த ஆறுதான் அப்படியே இருக்கிறது? நான் பார்த்த நதி வேறு. அந்தக் கரையில் விடியற்காலையில் தனியாக நின்ற நிமிஷங்கள் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடக்கை மன்னன் பழைய அரண்மனையின் உட்சுவரில் இருந்தான். இடித்துக் கட்டியபோது போயிருக்கலாம். வழிகாட்டிப் பெண்கள் நேற்று முளைத்தவர்கள், அவர்கள் சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கோயிலில் ஒன்றை மட்டும் தவறவிடாதே. ஆற்றைப் பார்த்த முகப்பில் கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் படிகள் இருக்கும். எல்லாரையும் ஒரு பக்கமாக மந்தைபோல் ஓட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் இடப்பக்கப் படியில் ஏறுங்கள். அகலமான உறுதியான படிகள், முப்பத்தேழாம் பக்கத்தில் படமே இருக்கிறது. உச்சியில் நின்றால் நதி வளைந்து திரும்புவது முழுசாகத் தெரியும். அத்தானுக்கு முட்டிவலி என்றாலும் இந்தப் படிகளில் தாராளமாக ஏறலாம். நான் சொன்னேன் என்று சொல், மறுபேச்சு பேச மாட்டார்.

அம்மா விஷயத்தை நீ இன்னும் சுமந்துகொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்போது கோபம் இருந்தது, மறைக்கவில்லை. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவனுக்குக் கோபம் வராதா? ஆனால் நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். நீயும் உன்னை மன்னித்துக்கொள்ளப் பழகு.

எட்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சக முதலாளி இந்தத் தடவை வழவழப்பான தாளில் போடுகிறார்.

என்றும் பாசமுள்ள
தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

உன் அத்தான் விழுந்துவிட்டார். வலது தொடை எலும்பு முறிந்து அறுவை முடிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. நாலைந்து வாரம் இங்கேதான். குழு ஊருக்குக் கிளம்பிவிட்டது.

பதினாறாம் தேதி காலையில் போனோம். உன் கடிதம் முந்தின நாள்தான் கையில் கிடைத்தது. வழிகாட்டிப் பெண் எல்லாரையும் வலப்பக்கப் படிக்குக் கூப்பிட்டாள். இடப்பக்கத்தில் குறுக்கே கயிறு, ஏதோ எழுதின ஒரு பலகை. நான் வேண்டாம் என்றேன். "மச்சான் ஏறி எறங்கிட்டு எழுதியிருக்கான்டி. இந்தப் பலகைய எவன் எந்தக் காலத்துல வெச்சானோ" என்று இவர் கயிற்றைத் தாண்டினார். கையில் உன் புத்தகம், சட்டைப் பையில் உன் கடிதம். ஒன்பதாவது படியில் கல் அப்படியே புரண்டது.

விழுந்த இடத்தையும் சொல்கிறேன், உன் பதிப்பில் சேர்த்துக்கொள். படிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளம். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒதுங்குகிற இடம். ஆயிரம் பேருடைய மூத்திரத்தில் ஊறிய மண், மேலே ஈ. அதில் இவர் மல்லாந்து கிடந்தார். தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நானும் அதில் உட்கார்ந்து இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் வர நாற்பது நிமிஷம். பல் டாக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மேலே நின்று எங்களைப் போட்டோ எடுத்தார். என் புடவையை ஆஸ்பத்திரி குப்பையில் போட்டுவிட்டேன். நாற்றம் மட்டும் இன்னும் என் நகத்தில் இருக்கிறது.

இப்போது கவனமாகப் படி. அன்று எலும்பு டாக்டர் அவசரத்தில் எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் திருப்பி மாட்டிவிட்டார். முறிந்தது வலது கால், படத்தில் இடது கால் முறிந்து நின்றது. நர்ஸ் பிலிமின் மூலையில் இடதா வலதா என்று காட்டுகிற ஈய எழுத்தைக் காட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துத் திருப்பினார். இந்தத் தப்பு எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது, அதற்காகத்தான் அந்த எழுத்தே வைக்கிறார்கள். எனக்கு உன் ராஜாவின் வாள் ஞாபகம் வந்தது.

கழிவறைக்குப் போய் உன் புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கத்தைக் கண்ணாடியில் காட்டினேன். கண்ணாடிக்குள் தெரிந்ததுதான் நான் பார்த்த கோயில். உறுதியான படி வலப்பக்கம், இடிந்த படி இடப்பக்கம். இருபதாம் பக்கத்தைக் காட்டினேன். ராஜா வாளை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

உங்கள் அச்சகத்தில் புகைப்பட ஸ்லைடுகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அது அச்சகத்தின் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். எழுத்தையும் சேர்த்துத் திருப்பிப் போட்டது யார்? நேரில் பார்த்தவனுடைய கண்ணை எவனாலும் திருப்பி மாட்ட முடியாதே. நீ அந்தப் படியில் ஏறினாயா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு துடித்துப்போனேன். அத்தானுக்கு இப்படி ஆனது எனக்கே ஆனதுபோல் இருக்கிறது. இங்கிருந்து என்ன செய்ய வேண்டும் என்றாலும் சொல், செய்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நடந்தது என்னவென்றால், நான் எழுதிக்கொடுத்த கையெழுத்துப் பிரதியில் சரியாகத்தான் இருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்து தப்பு என்று நினைத்து மாற்றியிருக்க வேண்டும். அவர் இப்போது வேலையில் இல்லை. ஏழு பதிப்பு வந்தும் என் கண்ணில் படவில்லை என்பது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். போன தடவை நானே ஸ்லைடைப் பார்த்துவிட்டு எழுதியதால் கடிதத்திலும் அந்தக் குழப்பம் வந்துவிட்டது. இவ்வளவு காலம் கழித்து இடது எது வலது எது என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்?

முதலாளியிடம் பேசிவிட்டேன். எட்டாம் பதிப்பின் தாள்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன, மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன். "20, 21, 37 ஆகிய பக்கங்களில் இடது என வரும் இடங்களில் வலது எனவும், வலது என வரும் இடங்களில் இடது எனவும் திருத்தி வாசிக்கவும்." இடக்கை மன்னன் பகுதிக்கு மட்டும் என்ன செய்வது என்று யோசிக்கிறோம். வாசகர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அத்தான் கயிற்றைத் தாண்டியிருக்க வேண்டாம்.

நான் அங்கே போனதைப் பற்றியே நீ சந்தேகப்படுவதுபோல் ஒரு வரி இருக்கிறது. பதற்றத்தில் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 3

நீ சீட்டு ஒட்டு. தொடை எலும்புக்கும் ஒன்று அனுப்பு, இடது என வரும் இடத்தில் வலது என்று நானே ஒட்டிக்கொள்கிறேன்.

கயிற்றைத் தாண்டியிருக்க வேண்டாம் என்கிறாய். சரிதான். அவர் கல்யாணமான நாளிலிருந்து உன்னை நம்பியிருக்கவும் வேண்டாம். உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டவில்லை. படித்தால் "பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்பார். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை.

நேற்று இவரை நர்ஸிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன், வலப்பக்கப் படி வழியாக. உன் முப்பத்தொன்பதாம் பக்கம் சொல்கிறது: "உள்ளே காலடி வைத்த கணம் ஒரு குளிர்ந்த மௌனம் உங்களைத் தழுவிக்கொள்ளும்." என்னைத் தழுவிக்கொண்டது என்ன தெரியுமா? வௌவால். கூரை முழுக்கப் பல்லாயிரம், ஒன்றுக்கொன்று கிறீச்சிட்டுக்கொண்டு. காது அடைக்கிற சத்தம். தரையில் கணுக்காலளவு எச்சம். அந்த நெடியில் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது. வாசலில் காவல்காரர் வருகிற எல்லாருக்கும் தலையில் போட ஒரு சாக்குத் துண்டு தருகிறார். அவர் இருபத்தெட்டு வருஷமாகத் தருகிறாராம். உள்ளே போய் வந்த யாரும் வேறு எதை மறந்தாலும் அந்தச் சாக்கை மறக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் போன ஒரு பெண் வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

படத்தில் நாற்றம் வராது. சத்தமும் வராது. அதனால்தான் உன் நூற்றி நாற்பது பக்கத்தில் எங்கேயும் நாற்றமே இல்லை. புத்தகத்தைத் திரும்ப முழுசாகப் படித்தேன். கை பட்டது என்று இல்லை, கால் சுட்டது என்று இல்லை, எல்லாம் கண்ணால் பார்த்தது மட்டும்தான். அந்த வாசனைகூடத் தாமரைப் படத்தைப் பார்த்து எழுதினது.

ஆகையால் நீ இங்கே வரவில்லை. இதை நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். லேபில் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம், மூன்று தடவையும் பார்த்துவிட்டேன். கேட்கப் போவது வேறு.

அம்மா பதினோரு நாள் கிடந்தாள். தினமும் காலையில் வாய் கொப்பளிக்க வைக்கும்போது "சின்னவன் லெட்டர் வந்துதா?" என்று கேட்பாள். வரவில்லை. "ஊர் சுத்தறான், எழுத நேரம் இருக்காது" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். அவள் போய்ப் பதினாறு நாள் கழித்து நீ பையோடு வந்தாய். வீடு நிறைய ஆட்கள். வாசலில் நின்றபடி எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாய்: "ஒரு தந்தி குடுக்க உனக்குக் கை வரலையாக்கா?" ஒரு வருஷம் பேசவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவள் திதியன்று நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன், நீ தலையை ஆட்டினாய். அன்றைக்கு மட்டும் என்னால் சாப்பிட முடியாது, உன் அத்தானைக் கேள்.

நீ இங்கே இல்லை என்றால், அப்போது எங்கே இருந்தாய்?


மார்ச் 10

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நன்றாக வந்துவிட்டது என்று தோன்றியதும் கிழித்தேன். இதை அப்படியே அனுப்புகிறேன்.

நான் போகவில்லை. விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டியைப் போட்டுவிட்டு, சீட்டு வாங்கி, வரிசையில் நின்றேன். கண்ணாடி வழியாக விமானம் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, அங்கேயே கால்சட்டை நனைந்துவிட்டது. இருபத்தெட்டு வயதில். பின்னால் நின்ற அம்மாள் தன் குழந்தையை இழுத்து நகர்த்திக்கொண்டாள். நான் கழிவறைக்குப் போவதுபோல் போய் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வர முடியவில்லை. நீங்கள் எல்லாரும் மாலை போட்டு அனுப்பி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. முதலாளியிடம் போனேன். அவர் திட்டவில்லை. அச்சகத்துக்குப் பின்னால் தாள் அடுக்கும் அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். விலைக்கு வாங்கி வைத்திருந்த ஸ்லைடுகளைக் கொடுத்தார். "பாத்து எழுதுங்க, போனவன்லாம் ஒழுங்காவா பாக்கறான்?" என்றார். நான் எழுதினேன். ஸ்லைடை எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. அச்சகம் திருப்பவில்லை அக்கா. நான்தான் திருப்பி வைத்து எண் போட்டேன். அவர்கள் என் எண்ணின்படி அச்சடித்தார்கள். மெய்ப்புப் பார்த்தவர் என்று யாருமே இல்லை, அதுவும் நான்தான்.

அந்த அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எட்டாம் நம்பர் பஸ்ஸில் இருபது நிமிஷம்.

அம்மா படுத்த ஆறாம் நாள் முதலாளி விஷயம் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மறுநாள் மத்தியானம் வந்தேன். இரண்டாவது மாடி, படி முடிகிற இடத்தில் ஒரு தூண். வார்டு கதவு திறந்து நீ வெளியே வந்தாய். கையில் மூடிய பாத்திரம், பெட்பேன் என்று நினைக்கிறேன். தலை சீவவில்லை. என்னை நோக்கித்தான் நடந்து வந்தாய். நான் தூணுக்குப் பின்னால் போனேன். நீ என்னைத் தாண்டிக் கழிவறைக்குப் போனாய். பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. நீ திரும்பி வருவதற்குள் கீழே இறங்கிவிட்டேன். கதவு திறந்தபோது அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது மட்டும் உண்மை.

எனக்கு அப்போது இருந்த பயம் அம்மா போய்விடுவாள் என்பது இல்லை. நீ தந்தி கொடுப்பாய், ஓட்டல்காரன் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் அனுப்புவான் என்பதுதான். தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போனதை முதலாளி வந்து சொன்னார். போய் மாலை போட்டுவிட்டு வந்தாராம், "தந்தி எதுவும் போகல, உங்கக்கா குடுக்கலையாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்கப்புறம்தான்.

அப்படியானால் வாசலில் ஏன் உன்னை அப்படிக் கேட்டேன் என்பாய். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். நான் முதலில் கேட்டுவிட்டால் என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லை. நீ அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாய். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நீயே கேட்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது. இங்கே ஒரு உவமை வந்தது, அடித்துவிட்டேன்.

எட்டாம் பதிப்பின் தாள்களை வெளியே போகாமல் தடுத்துவிட்டேன். முதலாளி கத்தினார். நான் போகவே இல்லை என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருக்கும் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் போன வருஷம் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் வந்தவள். அவளும் அந்தப் படியில் ஏறப் பார்த்தாளாம், அவள் கணவன்தான் பிடித்து இழுத்தானாம். திரும்பி வந்த பிறகுதான் இதைச் சொன்னாள், இதுவரை என்னிடம் சொன்னதில்லை. தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கு என்னைக் கண்டால் குமட்டுகிறது. இதைப் படித்து நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இதோடு வைக்கத் தைரியம் வரவில்லை. நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். தூண் வரும் இடத்தில் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். ஆறு, பள்ளம், வௌவால் எதிலும் எடுக்காதவள். துடைக்க வந்த அம்மாள் என்ன சாப்பிட்டாய் என்று சைகையில் கேட்டாள்.

அந்தப் பாத்திரத்தை எனக்கு நினைவிருக்கிறது. அன்று அம்மா மூன்று நாள் கழித்து முதல் தடவையாக வெளிக்குப் போயிருந்தாள். நான் அவ்வளவு சந்தோஷத்தோடு அதை எடுத்துக்கொண்டு வந்தேன், இனிப் பிழைத்துவிடுவாள் என்று. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வராந்தாவில் ஒருத்தரும் இல்லை என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அன்றைக்கும் தந்தி வேண்டாம் என்று முடிவு பண்ணினேன்.

உன் அத்தானுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். நான் நினைத்தபடியே "பாவம், பயந்துட்டான்" என்றார். நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பயந்தது சரி. உன்னை எதுக்கு அழ வெச்சான்?" என்று அவராகவே கேட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார், கால் விடவில்லை. உன் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

நீ பயந்ததில் எனக்கு அருவருப்பு இல்லை. கால்சட்டை நனைந்ததிலும் இல்லை. ஆயுசு முழுக்க நான் அதைத்தான் குப்பியில் வாங்கிப் பேர் ஒட்டினேன். அன்றே வீட்டுக்கு வந்திருந்தால் நான் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருப்பேன், ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீ தலையை ஆட்டினாயே ஒவ்வொரு வருஷமும், பெரிய மனசு பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு, அதை நினைத்தால்தான் என் உடம்பு கூசுகிறது. போன மாதம்கூட என்னை மன்னித்து எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை இங்கேயே பத்து தடவை படித்திருக்கிறேன், தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று.

இருபத்தொன்பதாம் தேதி திரும்புகிறோம். காலை பதினோரு மணிக்கு இறங்கும். இவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், பெட்டி மூன்று இருக்கும், என்னால் ஒருத்தியாகத் தள்ள முடியாது. நீ வந்து உள்ளே நில். வெளியில் டாக்சி நிற்கும் இடத்தில் இல்லை, உள்ளே, ஆட்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரில், தூண் இல்லாத இடமாகப் பார்த்து. விமான நிலையம் வரைக்கும் உனக்கு வழி தெரியும்.

வந்து உன் வாயால் சொல். எல்லார் முன்னாலும்தான் என்னைக் கேட்டாய், எல்லார் முன்னாலும் சொல். திக்கினாலும் பரவாயில்லை. அதற்கப்புறம் உன்னை என் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட முடியுமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு பக்கத்தை அனுப்பாதே. மன்னிப்பை எழுதவே எழுதாதே. எழுதினால் நன்றாக எழுதிவிடுவாய்.

அக்கா